கல்லூரி இலக்கிய விழாவில் எழுத்தாளர் அமர்வுகளும் வாசிப்புகளும்: நடத்துபவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இலக்கிய விழா நடத்தப் போகிறோம் என்று முடிவானதும் மாணவர் குழு கூடுகிறது. முதல் கூட்டத்தில் எழுத்தாளர்களின் பெயர்ப் பட்டியல் தயாராகிறது. இரண்டாவது கூட்டத்தில் சுவரொட்டி பற்றிப் பேச்சு. மூன்றாவதில் யார் வரவேற்புரை, யார் நன்றியுரை என்ற தகராறு. பட்டியலில் இருப்பவர்கள் எழுதியதை நம்மில் யார் வாசித்திருக்கிறோம் என்ற கேள்வி கடைசிக் கூட்டம் வரை எழுவதே இல்லை. பிறகு விழா நாளில், மேடையில் இருப்பவரிடம் "நீங்கள் எப்போது எழுத ஆரம்பித்தீர்கள்?" என்று நெறியாளர் கேட்கிறார். எழுத்தாளர் பல ஆண்டுகளாகச் சொல்லி வரும் பதிலையே மறுபடியும் சொல்லிவிட்டுப் போகிறார்.

இந்த வழிகாட்டி ஒலிபெருக்கி, நாற்காலி, கடிதம், நேரக் கணக்கு எல்லாவற்றையும் பேசுகிறது. ஆனாலும் அமர்வின் தரத்தை முடிவு செய்வது விழாவுக்கு முந்தைய வாரங்களில் நடக்கும் வாசிப்புதான் என்பது என் உறுதியான கருத்து. மற்ற எல்லா ஏற்பாடுகளும் அதற்குத் துணை.

படி 1: விருந்தினருக்கு முன்னால் வாசகர்களைத் தேடுங்கள்

பிரிட்டனில் செல்டனம் இலக்கிய விழா 1949-இலும், எடின்பரோ புத்தக விழா 1983-இலும், ஹே இலக்கிய விழா 1988-இலும், இந்தியாவில் ஜெய்ப்பூர் இலக்கிய விழா 2006-இலும் தொடங்கின. இந்தப் பெரிய விழாக்களிடமிருந்து நேர ஒழுங்கையும் மேடை நிர்வாகத்தையும் கற்றுக்கொள்ளலாம். ஆனால் அவர்களிடம் இல்லாத ஒன்று கல்லூரியிடம் இருக்கிறது. அரங்கில் உட்காரப் போகிறவர்கள் யாரென்று உங்களுக்கு மாதக்கணக்கில் முன்பே தெரியும். அவர்கள் தினமும் ஒரே வளாகத்துக்கு வருகிறார்கள், ஒரே நூலகத்தைப் பயன்படுத்துகிறார்கள்.

இந்த வசதியைப் பயன்படுத்திக்கொள்ளாத கல்லூரி விழா, பெரிய விழாவின் மலிவுப் பதிப்பாகத்தான் இருக்கும். பயன்படுத்திக்கொண்டால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு ஒரு நல்ல முன்னுதாரணம் உண்டு. அமெரிக்காவின் நாட்ர டாம் பல்கலைக்கழகத்தில் 1967-இல் தொடங்கிய இலக்கிய விழாவை நடத்தியவர்கள் இரண்டாமாண்டு மாணவர்கள். அடுத்த ஆண்டே ரால்ஃப் எலிசன், நார்மன் மெய்லர், ஜோசப் ஹெல்லர், கர்ட் வானகட் ஆகிய அமெரிக்க நாவலாசிரியர்கள் அங்கே வந்து பேசினார்கள்.

செய்ய வேண்டியது எளிது. பெயர்ப் பட்டியலை இறுதி செய்யும் முன், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே "இவருடைய ஒரு புத்தகத்தை முழுதாக வாசித்த இருவர்" என்று ஒரு கட்டம் போடுங்கள். கட்டம் காலியாக இருந்தால் அந்தப் பெயரை நிறுத்தி வையுங்கள். யாராவது வாசித்துவிட்டு வந்து அவருக்காக வாதாடினால் மறுபடியும் சேர்க்கலாம். புகழுக்காக மட்டும் பட்டியலில் ஏறிய பாதிப் பெயர்கள் இந்தச் சல்லடையில் நின்றுவிடும். அதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

அழைப்பு உறுதியானதும் நூலகரிடம் போங்கள். அந்த எழுத்தாளரின் புத்தகங்களில் சில பிரதிகளாவது வாங்கிவைக்கச் சொல்லுங்கள். விழாவுக்கு ஆறு வாரம் இருக்கும்போது ஒரு வாசிப்பு வட்டம் தொடங்குங்கள். வாரம் ஒரு மணி நேரம், எட்டுப் பத்துப் பேர் போதும். நாவல் முழுவதையும் எல்லோரும் முடிப்பார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஒரு சிறுகதையையோ ஒரு அத்தியாயத்தையோ எல்லோரும் நன்றாக வாசித்திருந்தாலே அரங்கின் தன்மை மாறிவிடும். கேள்வி நேரத்தில் முதலில் கை தூக்கப் போவது இவர்கள்தான்.

படி 2: வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள்

தனி வாசிப்பு, ஒருவரோடு ஒருவர் உரையாடல், குழு உரையாடல் என மூன்று வடிவங்கள் பொதுவாக வழக்கத்தில் உள்ளன. கல்லூரிகள் எதையும் யோசிக்காமல் மூன்றாவதைத் தேர்ந்தெடுக்கின்றன. நிறையப் பேரை அழைத்தது போலத் தெரியும் என்பதுதான் காரணம்.

ஒரு சிறிய கணக்கைப் போட்டுப் பாருங்கள். அமர்வு 60 நிமிடம். அறிமுகத்துக்கு 3 நிமிடம், பார்வையாளர் கேள்விகளுக்கு 15 நிமிடம், நெறியாளர் பேசுவதற்கு மொத்தமாக 6 நிமிடம். மீதி 36 நிமிடம். மேடையில் மூன்று எழுத்தாளர்கள் இருந்தால் ஆளுக்கு 12 நிமிடம், ஆறு பேர் என்றால் ஆளுக்கு 6 நிமிடம். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்து வந்த ஒருவரிடம் ஆறு நிமிடம் பேசச் சொல்வது மரியாதைக் குறைவு. உரையாடலும் நடக்காது, ஆறு சிற்றுரைகள்தான் நடக்கும். குழு உரையாடலுக்கு மூவர் என்பதே என் பரிந்துரை. நால்வர் வரை பொறுத்துக்கொள்ளலாம்.

ஒருவருடைய எழுத்து முழுவதையும் பற்றிப் பேச வேண்டுமென்றால் இருவர் உரையாடலே சிறந்தது. கவிஞர்களுக்குத் தனி வாசிப்பு பொருந்தும். முதல் புத்தகம் வெளியிட்டவர்களைத் தனியாக மேடையேற்றினால் அரங்கு காலியாக இருக்கக்கூடும். அவர்களில் மூவரைச் சேர்த்து, ஆளுக்கு எட்டு நிமிட வாசிப்பும் பிறகு கூட்டாக உரையாடலும் என்று அமைத்தால் நன்றாக வரும்.

ஒரே நாளில் எத்தனை அமர்வுகள் என்பதிலும் பேராசை வேண்டாம். இரண்டு அமர்வுகளுக்கு நடுவில் 20 நிமிட இடைவெளி கட்டாயம். கையெழுத்து வாங்குவது, மைக் மாற்றுவது, அடுத்த விருந்தினர் மேடைக்குப் பழகுவது எல்லாம் அந்த இடைவெளியில்தான் நடக்க வேண்டும்.

படி 3: அழைப்புக் கடிதம்

ஐந்தாறு மாதங்களுக்கு முன்பே எழுதிவிடுங்கள். தொலைபேசியில் பேசி ஒப்புதல் வாங்கினாலும், எல்லா விவரங்களும் எழுத்தில் போக வேண்டும். நாள், நேரம், இடம், அமர்வின் நீளம், வடிவம், உடன் பேசுபவர்கள், நெறியாளர் பெயர், எதிர்பார்க்கும் பார்வையாளர்கள் எந்தத் துறை மாணவர்கள், பயணச் செலவை யார் ஏற்பது, தங்குமிடம், மதிப்பூதியம் எவ்வளவு, எப்போது தரப்படும், நிகழ்ச்சி பதிவு செய்யப்படுமா, புத்தகங்கள் விற்பனைக்கு இருக்குமா. இவற்றில் ஒன்றையும் "நேரில் பேசிக்கொள்ளலாம்" என்று விட வேண்டாம்.

பணத்தைப் பற்றி எழுத மாணவர்கள் கூச்சப்படுகிறார்கள். எழுத்தாளர்கள் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். இரண்டு கூச்சமும் சேர்ந்து கடைசியில் மனக்கசப்பில் முடிகிறது. மதிப்பூதியம் தர இயலாத நிலை என்றால் அதையும் முதல் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள். மறுக்கும் உரிமையோடு அவர் முடிவெடுக்கட்டும்.

கடிதம் இப்படி இருக்கலாம்:

"மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். எங்கள் கல்லூரி இலக்கிய விழாவில் உங்களோடு 50 நிமிட உரையாடல் ஒன்றை நடத்த விரும்புகிறோம். உங்கள் இரண்டாவது சிறுகதைத் தொகுப்பை எங்கள் வாசிப்பு வட்டத்தில் வாசித்துக்கொண்டிருக்கிறோம். அதிலுள்ள கதைகளில் வரும் முதியவர்கள் ஏன் எப்போதும் ஒரு பொருளைத் தொலைத்துவிட்டுத் தேடுகிறார்கள் என்று எங்களுக்குள் நீண்ட விவாதம் நடந்தது. அதை உங்களிடமே கேட்க வேண்டும் என்பதுதான் இந்த அழைப்புக்குக் காரணம்."

"தமிழ் இலக்கிய வானில் ஒளிரும் தாரகையே" என்று தொடங்கும் கடிதத்தைவிட, வாசித்ததற்குச் சான்று காட்டும் ஒரே ஒரு வாக்கியம் எழுத்தாளரை அதிகம் அசைக்கும்.

பதிவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எழுத்தாளர் மேடையில் தன் படைப்பை வாசிப்பது ஒரு விஷயம், அந்த ஒளிப்பதிவை இணையத்தில் ஏற்றுவது வேறொரு விஷயம். இரண்டாவதற்கு எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும். வாசிக்கப்படுவது மொழிபெயர்ப்பு என்றால் மொழிபெயர்ப்பாளரின் சம்மதமும் வேண்டும், பதிப்பாளரிடமும் கேட்டுக்கொள்வது நல்லது. உரையாடலைப் பதிவேற்றிக்கொள்ளுங்கள், வாசிப்புப் பகுதி வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள். அது நியாயமான நிபந்தனை.

படி 4: நெறியாளர்

விழாவில் மிக முக்கியமான தேர்வு இதுதான். ஆனால் துறைத் தலைவர் என்பதற்காகவோ, குரல் நன்றாக இருக்கிறது என்பதற்காகவோ, வேறு பொறுப்பு கொடுக்க முடியவில்லை என்பதற்காகவோ நெறியாளர்கள் நியமிக்கப்படுகிறார்கள். தேவையான தகுதிகள் மூன்று. புத்தகங்களை வாசித்திருக்க வேண்டும். பதிலைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். குறுக்கிடத் தயங்கக் கூடாது. மூன்றும் உள்ள இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி, ஒன்றும் இல்லாத பேராசிரியரைவிட நூறு மடங்கு மேல். தயக்கமாக இருந்தால் ஓர் ஆசிரியரையும் ஒரு மாணவரையும் இணை நெறியாளர்களாகப் போடலாமே என்று தோன்றும். வேண்டாம். இரண்டு நெறியாளர்கள் மேடையில் ஒருவருக்கொருவர் வழிவிட்டுக்கொண்டே நேரத்தைத் தின்றுவிடுவார்கள்.

விழாவுக்கு இரண்டு வாரம் முன்பு நெறியாளரும் விருந்தினர்களும் அரை மணி நேரம் தொலைபேசியிலோ காணொளியிலோ பேசிக்கொள்ள வேண்டும். எந்தத் திசையில் உரையாடல் போகும், யார் எந்தப் பகுதியை வாசிப்பார், எந்த விஷயத்தைத் தொட வேண்டாம் என்று விரும்புகிறார்கள் என்பது மட்டும் அங்கே முடிவானால் போதும். கேள்விகளை வரிசையாக வாசித்துப் பதில்களையும் வாங்கிவிடாதீர்கள். நல்ல பதில் முதல் முறை சொல்லும்போதுதான் உயிரோடு இருக்கும். மேடையில் அதே கேள்வியைக் கேட்டால், "அன்று போனில் சொன்னது போல…" என்று சுருக்கமாக முடித்துவிடுவார்.

ஒருவருக்கான அறிமுகம் ஒரு நிமிடத்தைத் தாண்டக் கூடாது. பிறந்த ஆண்டு, விருதுகள், வகித்த பதவிகள் எல்லாம் நிகழ்ச்சி நிரலில் அச்சாகியிருக்கும். நெறியாளர் சொல்ல வேண்டியது, இந்த எழுத்தில் தனக்குப் பிடிபட்ட ஒரே ஒரு விஷயத்தை. விருதுப் பட்டியலை வாசிக்கும்போது எழுத்தாளரின் முகத்தைக் கவனியுங்கள். தரையில் எதையோ தேடுவதுபோல் இருக்கும்.

படி 5: தலைப்பும் கேள்விகளும்

"இலக்கியமும் சமூகமும்", "இன்றைய எழுத்தின் போக்குகள்" போன்ற தலைப்புகளில் யாரும் யாரோடும் முரண்பட முடியாது. முரண்பாடு இல்லாத இடத்தில் உரையாடலும் இல்லை. தலைப்பை ஒரு கேள்வியாக மாற்றிப் பாருங்கள். "உயிரோடு இருப்பவர்களைக் கதையில் எழுதலாமா?" என்று கேட்டால் மூன்று எழுத்தாளர்களுக்கு மூன்று பதில்கள் இருக்கும், ஒருவருக்கு நிச்சயம் கோபம் வரும். "திருத்தி எழுதும்போது எதை வெட்டுகிறீர்கள்?" என்பதும் நல்ல தலைப்பு. எல்லோரிடமும் அதற்கு ஒரு கதை இருக்கும், எழுத நினைக்கும் மாணவர்களுக்கும் அது பயன்படும்.

கேள்வி தயாரிப்பதில் ஒரு விதி போதும்: எந்த எழுத்தாளரிடமும் கேட்கக்கூடிய கேள்வியை இந்த எழுத்தாளரிடம் கேட்காதீர்கள். "உங்கள் படைப்பில் பெண்கள் எப்படிச் சித்தரிக்கப்படுகிறார்கள்?" என்பது தேர்வுத்தாள் வினா. அதையே, "மூன்றாவது அத்தியாயத்தில் அம்மா கதவைத் திறக்காமல் ஜன்னல் வழியாகவே பேசுகிறாள். அவளை வெளியே வரவிடாமல் நிறுத்தியது கதையின் தேவையா, உங்கள் தயக்கமா?" என்று கேட்டால் எழுத்தாளர் நிமிர்ந்து உட்காருவார்.

பத்துக் கேள்விகள் எழுதி வையுங்கள். நான்கைந்துதான் கேட்க நேரம் இருக்கும். மற்றவை, ஒரு வரியில் பதில் சொல்லி முடித்துவிடும் விருந்தினருக்காக. கேள்விகளை முழு வாக்கியங்களாக எழுதாமல் இரண்டு மூன்று சொற்களாக அட்டையில் குறித்துக்கொண்டால், நெறியாளர் காகிதத்தைப் பார்த்துப் படிக்காமல் ஆளைப் பார்த்துப் பேசுவார். குழு உரையாடலில் எல்லாக் கேள்வியையும் எல்லோரிடமும் வரிசையாகக் கேட்பது பெரிய சலிப்பு. ஒருவர் சொன்னதை எடுத்து, "நீங்கள் இதை ஏற்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்" என்று அடுத்தவரிடம் நீட்டுங்கள்.

படி 6: வாசிப்பு

எழுத்தாளர் தன் எழுத்தைத் தன் குரலில் வாசிப்பதைக் கேட்பது விழாவில் மட்டுமே கிடைக்கும் அனுபவம். அப்படியிருந்தும் அமைப்பாளர்கள் அதிகம் அலட்சியம் செய்வது இதைத்தான். "கடைசியில் நேரம் இருந்தால் ஒரு பகுதி வாசியுங்கள்" என்பார்கள். கடைசியில் நேரம் இருந்ததே இல்லை. வாசிப்பை அமர்வின் தொடக்கத்திலோ முதல் பத்து நிமிடங்களுக்குள்ளோ வைத்துவிடுங்கள். புத்தகத்தை வாசிக்காமல் வந்தவர்களுக்கும் அதற்குப் பிறகு நடக்கும் பேச்சைப் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி கிடைக்கும்.

எவ்வளவு நேரம்? உரையாடலின் நடுவே உரைநடை என்றால் ஐந்திலிருந்து எட்டு நிமிடம். தனி வாசிப்பு என்றால் இருபது நிமிடம். அதற்கு மேல் போனால் நன்றாக வாசிப்பவர்களையே மனம் பின்தொடர மறுக்கும். தேர்ந்தெடுத்த பகுதியை ஒரு மாணவர் வாய்விட்டு, நிதானமாக, கடிகாரம் வைத்து வாசித்துப் பார்க்கட்டும். மனதுக்குள் வாசிக்கும் வேகத்தை வைத்துப் போடும் கணக்கு எப்போதும் பொய்யாகத்தான் போகும்.

பகுதியைத் தேர்ந்தெடுப்பது எழுத்தாளரின் உரிமை. ஆனால் கேட்டால் யோசனை சொல்லலாம். பாத்திரங்கள் இருவர் மூவருக்கு மேல் இல்லாத பகுதி நல்லது. காதால் கேட்கும்போது பெயர்கள் குழம்பிவிடும். உரையாடல் அதிகமுள்ள பகுதியில் "என்றான்", "என்றாள்" என்று வருவதை வாசிக்கும்போது பாதிக்கு மேல் விட்டுவிடலாம், குரலே போதும். முன்கதையை விளக்க நான்கு நிமிடம் தேவைப்படும் பகுதி வாசிப்புக்கு ஏற்றதல்ல. முடிச்சு அவிழும் இடம் வரை போகாமல், அதற்குச் சற்று முன்னால் நிறுத்தினால் வெளியே இருக்கும் புத்தக மேசைக்குக் கூட்டம் தானாகப் போகும்.

வாசிப்புக்கென்று தனிப் பிரதி தயாரிப்பது பழைய, மிகவும் பயனுள்ள வழக்கம். ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் 1853-இல் பர்மிங்காமில் அறக்கொடைக்காகத் தன் படைப்பை மேடையில் வாசித்தார். 1858 முதல் கட்டணத்துக்கு வாசிக்கத் தொடங்கினார். அவர் கையில் இருந்தது கடையில் விற்ற புத்தகம் அல்ல. மேடைக்காகச் சுருக்கி, அடித்துத் திருத்தி, அடிக்கோடிட்டு, எந்த இடத்தில் எந்தத் தொனி என்று ஓரத்தில் குறித்துவைத்த பிரதி. வாசிப்பதற்கான மேசையைக்கூடத் தானே வடிவமைத்துக் கூடவே கொண்டு போனார். தன் எழுத்தைத் தானே வெட்ட அவர் தயங்காதபோது மற்றவர்கள் தயங்கத் தேவையில்லை.

உங்கள் விருந்தினருக்கு இதை நீங்களே செய்து தரலாம். அவர் தேர்ந்தெடுத்த பக்கங்களை அவருடைய அனுமதியோடு 18 புள்ளி எழுத்தில், இரட்டை வரி இடைவெளியில், தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் அச்சிடுங்கள். வாக்கியம் இரண்டு தாள்களுக்கு நடுவில் முறியாதபடி, ஒவ்வொரு தாளும் ஒரு பத்தியின் முடிவில் முடியட்டும். தாள்களுக்கு எண் போடுங்கள். பின் அடிக்காதீர்கள். பின் அடித்த தாளைப் புரட்டும் சத்தம் மைக்கில் இடிபோல் கேட்கும். தனித்தனித் தாளாக இருந்தால் வாசித்ததைச் சத்தமில்லாமல் பக்கவாட்டில் நகர்த்திவிடலாம்.

கவிதை வாசிப்புக்கு வேறு கணக்கு. இருபது நிமிடத்தில் எட்டுப் பத்துக் கவிதைகளுக்கு மேல் வேண்டாம். ஒரு கவிதைக்கும் அடுத்ததற்கும் இடையில் மூச்சுவிடும் அளவாவது மௌனம் இருக்க வேண்டும், அல்லது கவிஞர் ஓரிரு வாக்கியம் பேச வேண்டும். ஒவ்வொரு கவிதைக்கும் கை தட்டுவதா, கடைசியில் தட்டுவதா என்று அரங்குக்குத் தெரியாமல் பாதிப் பேர் தட்டி, பாதிப் பேர் தயங்கி, கவிஞர் சங்கடப்படுவது வழக்கமாக நடக்கும். "எல்லாக் கவிதைகளும் முடிந்ததும் கைதட்டலாம்" என்று நெறியாளர் முன்கூட்டியே சொல்லிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. ஒரே கவிதையை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்பதும் நல்ல பழக்கம். குறுங்கவிதைகள் முதல் முறையில் காதைக் கடந்துவிடும்.

வேற்றுமொழி எழுத்தாளர் வந்தால் மூலத்தில் ஒரு சிறு பகுதியை அவர் வாசிக்கட்டும். இரண்டு நிமிடம் போதும், அந்த மொழியின் ஓசையைக் கேட்பதற்காக. பிறகு மொழிபெயர்ப்பை இன்னொருவர் முழுமையாக வாசிக்கட்டும். பத்தி பத்தியாக மாற்றி மாற்றி வாசித்தால் இரண்டுமே சிதறிவிடும். மொழிபெயர்ப்பாளர் பெயரை அறிமுகத்தில் சொல்ல மறக்காதீர்கள். அவரையே அழைக்க முடிந்தால் இன்னும் சிறப்பு.

படி 7: மேடை, ஒலி, ஒளி

நாற்காலிகளை நேர்கோட்டில் போட்டால் ஓரத்தில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் பார்க்க முடியாது. சற்றே வளைவாகப் போடுங்கள். நெறியாளரை நடுவில் வைக்காமல் ஓர் ஓரத்தில் வைத்தால் எல்லோர் முகமும் அவருக்குத் தெரியும், விருந்தினர்கள் தங்களுக்குள்ளும் பேசிக்கொள்வார்கள். ஆழமான சோபா வேண்டாம். அதில் புதைந்தவர் பேசுவதற்கு முன் எழுந்திருக்கவே பாடுபடுவார். நீண்ட மேசையும் வேண்டாம், அது நேர்காணல் குழுவைப் போன்ற தோற்றம் தரும். தண்ணீரும் புத்தகமும் வைக்கத் தாழ்வான சிறு மேசை போதும். மேடைக்குப் படி மட்டும் இருந்தால், சக்கர நாற்காலியில் வருபவரும் முழங்கால் வலி உள்ளவரும் என்ன செய்வார்கள் என்று முன்பே யோசியுங்கள். சாய்தளம் இல்லையென்றால் எல்லோரையும் தரைமட்டத்திலேயே உட்காரவையுங்கள். சிறிய அரங்கில் அதுவே நெருக்கமாகவும் இருக்கும்.

ஆளுக்கு ஒரு மைக் என்பதில் சிக்கனம் கூடாது. ஒரே மைக்கைக் கைமாற்றிக்கொண்டே பேசினால், குறுக்கிட்டுப் பேசுவது என்ற உயிர்த்துடிப்பே போய்விடும். இரண்டு மைக்குகளுக்கு இடையிலான தூரம், மைக்கிலிருந்து பேசுபவரின் வாய் வரையுள்ள தூரத்தைப் போல மூன்று மடங்காவது இருக்க வேண்டும் என்பது ஒலிக்காரர்கள் பின்பற்றும் பொதுவிதி. வாயிலிருந்து 15 செ.மீ. தள்ளி மைக் இருந்தால், அடுத்தவர் மைக் குறைந்தது 45 செ.மீ. தள்ளி. ஒலிபெருக்கிகள் மைக்குகளுக்கு முன்னால், அரங்கை நோக்கி இருக்க வேண்டும். மைக் ஒலிபெருக்கியைப் பார்த்தால் காதைக் கிழிக்கும் கீச்சொலி வரும். காலர் மைக் கைகளுக்கு விடுதலை தரும். ஆனால் ஆடையில் உரசினாலும் கழுத்தணியில் இடித்தாலும் அந்தச் சத்தம் அரங்கு முழுக்கக் கேட்கும். வாசிப்பின்போது தாங்கியில் நிற்கும் மைக்கே நல்லது, இரண்டு கைகளும் தாள்களுக்குத் தேவை. காலி அரங்கில் சோதித்த ஒலி, நிறைந்த அரங்கில் சற்று மங்கித்தான் கேட்கும். மனிதர்களும் உடைகளும் ஒலியை உறிஞ்சுவார்கள். அதனால் ஒலியைக் கவனிக்க ஒருவர் அமர்வு முழுவதும் அங்கேயே இருக்க வேண்டும்.

வெளிச்சம் எழுத்தாளர் முகத்தில் மட்டும் விழுந்து தாள் இருட்டாக இருப்பது அடிக்கடி நடக்கும். தாள் கண் கூசும்படி ஒளிர்வதும் உண்டு. 1961 ஜனவரி 20 அன்று அமெரிக்க அதிபர் கென்னடியின் பதவியேற்பு விழாவில், 86 வயதான கவிஞர் ராபர்ட் ஃப்ராஸ்ட் அந்த நாளுக்காக எழுதிய கவிதையை வாசிக்க எழுந்தார். வெயிலின் கூச்சத்தில் எழுத்து தெரியவில்லை. கடைசியில் மனப்பாடமாக இருந்த வேறொரு பழைய கவிதையைச் சொல்லித்தான் சமாளித்தார். உங்கள் விருந்தினருக்கு அந்த நெருக்கடி வர வேண்டாம். அமர்வு நடக்கும் அதே நேரத்தில், முந்தைய நாள் ஒருவர் அந்த இடத்தில் நின்று அச்சிட்ட தாளை வாசித்துப் பார்த்துவிடுங்கள். ஜன்னல் வெயில் எங்கே விழுகிறது என்பதும் அப்போதுதான் தெரியும்.

படி 8: அமர்வு நாள்

விருந்தினர் ஒவ்வொருவருக்கும் ஒரு மாணவர் துணையாக இருக்கட்டும். அவருடைய வேலை ஆளை வரவேற்று, உட்காரவைத்து, நேரத்துக்கு மேடைக்கு அழைத்துவருவது. தன் கையெழுத்துப் பிரதியைப் படித்துக் கருத்துச் சொல்லும்படி கேட்பது அந்த வேலையில் சேராது. மேடையேறுவதற்கு முன் பத்து நிமிடமாவது எழுத்தாளரைத் தனியாக விடுங்கள்.

நேரம் காட்டும் தன்னார்வலர் முதல் வரிசையின் நடுவில், நெறியாளருக்கு நேர் எதிரே உட்கார வேண்டும். மீதமுள்ள நிமிடங்களைக் காட்ட 15, 5, 1 என்று மூன்று அட்டைகள் போதும். அட்டை நெறியாளருக்கு மட்டும். விருந்தினர் முகத்துக்கு நேரே அட்டையை ஆட்டுவது அநாகரிகம். யாராவது நீளமாகப் பேசிக்கொண்டே போனால் நெறியாளர் அவர் சொன்ன கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொள்ளலாம்: "மறதி என்றீர்கள். அந்தச் சொல் அம்மா அவர்களின் நாவலிலும் முக்கியமானது…" என்று அடுத்தவரிடம் போய்விடலாம். பேசிக்கொண்டிருந்தவருக்கும் மனம் நோகாது.

வர வேண்டியவர் வரவில்லை என்றால்? மூவர் குழுவில் ஒருவர் குறைந்தால் அமர்வை அப்படியே நடத்துங்கள், கிடைத்தவரை இழுத்துவந்து நாற்காலியை நிரப்ப வேண்டாம். ஒருவர் மட்டுமே வரவேண்டிய அமர்வு என்றால், வாசிப்பு வட்ட மாணவர்கள் அவருடைய படைப்பைப் பற்றி நடத்தும் உரையாடலாக அதை மாற்றலாம். ஆறு வாரம் வாசித்தவர்களுக்கு அதற்கான சரக்கு இருக்கும்.

படி 9: கேள்வி நேரம்

"கேள்விகள் இருக்கின்றனவா?" என்றதும் விழும் அமைதியைக் கண்டு நெறியாளர் பதறக் கூடாது. பத்து விநாடி காத்திருந்தால் ஒரு கை எழும். மைக்கைக் கொண்டுபோகும் தன்னார்வலர் அதைக் கேட்பவர் கையில் கொடுத்துவிடாமல் தானே பிடித்துக்கொள்ள வேண்டும். இந்தச் சின்ன ஏற்பாடு மட்டுமே பல சொற்பொழிவுகளைத் தடுத்திருக்கிறது. முதலிலேயே "ஒரு கேள்வி, ஒரு மூச்சில்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவையுங்கள். இரண்டு நிமிடமாகியும் கேள்வி வரவில்லை என்றால், "இதில் உங்கள் கேள்வி என்ன?" என்று நெறியாளர் கேட்டுவிட வேண்டும்.

கூச்சமுள்ள மாணவர்களுக்குத் துண்டுச் சீட்டுகள் தரலாம். எழுதி அனுப்பும் கேள்விகளில்தான் பெரும்பாலும் நல்லவை இருக்கும். ஆனால் எல்லாவற்றையும் சீட்டுக்கு மாற்றிவிடாதீர்கள். எழுந்து நின்று கேட்கும் குரலுக்கு எழுத்தாளர் சொல்லும் பதில் வேறு மாதிரி இருக்கும். மூன்று கேள்விகளைச் சேர்த்து வாங்கி மொத்தமாகப் பதில் சொல்லவைப்பதும் வேண்டாம், சிக்கலான கேள்வி நழுவிப்போக அதைவிட வசதியான வழி இல்லை. தனிப்பட்ட வாழ்க்கையைக் கிளறும் கேள்வியோ அவமதிக்கும் பேச்சோ வந்தால் அதை நிறுத்துவது நெறியாளரின் கடமை. அந்தச் சங்கடத்தை விருந்தினரின் தலையில் கட்டக் கூடாது.

படி 10: புத்தக மேசையும் கையெழுத்தும்

புத்தக விற்பனையாளரிடம் விற்காத பிரதிகளைத் திருப்பித் தரலாம் என்ற ஏற்பாட்டில் பேசுங்கள். வாசிக்கப்படும் புத்தகம் கட்டாயம் மேசையில் இருக்க வேண்டும். எழுத்தாளரின் வேறு பத்துப் புத்தகங்கள் இருந்து இது மட்டும் இல்லாமல் போவது எரிச்சலூட்டும் விஷயம். மேசை அரங்கின் வாசலை அடைக்காமல், ஆனால் வெளியே வரும் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் இருக்கட்டும். வரிசையில் நிற்பவர்களுக்கு ஒரு தன்னார்வலர் ஒட்டும் சீட்டில் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டிய பக்கத்திலேயே ஒட்டிக் கொடுக்க வேண்டும். ரமணியா ரமணீயா, ஒற்றை "ன்" போடுவதா "ன்ன" போடுவதா என்று எழுத்தாளர் ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டிருந்தால் வரிசை நகராது. மை ஊறாத இரண்டு பேனா, மேசையருகே நிழல்போல் நிற்கும் புகைப்படக்காரர்களை நகர்த்த ஒருவர், இவ்வளவுதான் தேவை.

படி 11: விழா முடிந்த பிறகு

மதிப்பூதியமும் பயணச் செலவும் சொன்ன நாளில் போய்ச்சேர வேண்டும். முடிந்தால் அவர் கிளம்பும் முன்பே. கல்லூரி அலுவலகத்தில் கையொப்பங்கள் வாங்க நாளாகும் என்றால், அந்த வேலையை விழாவுக்கு முன்பே தொடங்குங்கள். ஒளிப்பதிவை வெளியிடும் முன் சம்மதக் கடிதத்தை மறுபடி பாருங்கள். வாசிப்புப் பகுதி வேண்டாம் என்றவரின் பதிவில் அதை வெட்டியாகிவிட்டதா என்று வேறொருவர் சரிபார்க்கட்டும். ஒரு வாரத்துக்குள் நன்றிக் கடிதம் போக வேண்டும், அதில் அமர்வுக்குப் பிறகு மாணவர் ஒருவர் சொன்ன ஏதாவது ஒன்றைச் சேர்த்து எழுதுங்கள்.

நடத்திய குழு அடுத்த ஆண்டு கல்லூரியில் இருக்காது. அதனால் விழா முடிந்த வாரத்திலேயே ஒரு கோப்பு தயாரியுங்கள்: அனுப்பிய கடிதங்களின் நகல்கள், எந்த அமர்வு எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிந்தது, எத்தனை புத்தகம் விற்றது, எந்த மைக் பழுதானது, அரங்கில் வெயில் விழும் நேரம், யாருடைய பெயர் இந்த முறை நிறுத்தி வைக்கப்பட்டது. அந்தக் கோப்பின் ஒரு பிரதியை நூலகரிடம் கொடுத்துவையுங்கள். அடுத்த வாசிப்பு வட்டம் கூடப்போவதும் அவருடைய அறையில்தான்.